பூட்டுகிற நாள்

ஃபிரிட்ஜ் கதவு மறுபடியும் மூடிக்கொண்டது.

லிஃப்ட்காரர் அதைத் திறந்தார். உள்ளே எல்லாவற்றையும் எடுத்து, துடைத்து, காயவைத்து, பளிச்சென்று வைத்திருந்தார். கையை மெதுவாக விட்டார். கதவு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு யாரையும் தொந்தரவு செய்யாத விருந்தாளி மாதிரி நகர்ந்து வந்து தானாகவே சாத்திக்கொண்டது.

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

"என்னங்க, டிரைவர் கூப்பிடுறாரு. பனி இறங்கிடுச்சுன்னா மலைப்பாதையில வண்டி ஓட்ட முடியாதாம்," என்று மனைவி கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"கதவு நிக்க மாட்டேங்குதே!"

"எந்தக் கதவு?"

"ஃபிரிட்ஜ் கதவு. மூடியே கிடந்தா என்ன ஆகும்னு போன வருஷம் பார்த்தல்ல?"

பார்த்திருந்தாள். போன வருஷம் மூடியபடி விட்டுப்போன ஃபிரிட்ஜுக்குள் பச்சையாகத் தாடி முளைத்திருந்தது. அதற்கு முந்தைய வருஷம் குழாயில் தேங்கிய தண்ணீர் குளிரில் உறைந்து, குழாய் வெடித்து, படுக்கையறைச் சுவர் ஊறிப்போயிருந்தது. கோடை முழுக்க மலைமேல் இந்த வீட்டில், குளிர் தொடங்கியதும் பூட்டிவிட்டு அடிவாரத்து ஊரில் இருக்கும் கீழ் வீட்டில் என்று இரண்டு பேரும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் பிரச்சினையே இல்லை, வீட்டைப் பூட்டுகிற நாள் ஒன்றைத் தவிர.

அதனால்தான் இந்த முறை மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "நாம இல்லாதப்ப இந்த வீட்டுக்கு ஏதாவது ஒண்ணு ஆகட்டும், வித்துடலாம். என் தம்பி கையில ஆள் ரெடியா இருக்காரு."

"நாம இருக்கும்போது ஆனா?"

"அது கணக்குல வராது. நீங்க இருந்தா எதாவது ஆகத்தான் செய்யும்."

லிஃப்ட்காரருக்கு இந்த வீடு வேண்டும். கீழ் வீட்டில் அவருக்குத் தூக்கம் வராது. படுத்த பிறகு எழுந்து எழுந்து போய்க் குழாயைத் தொட்டுப் பார்ப்பார், தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். இந்த மேல் வீட்டில் மட்டும் என்ன மாயமோ, தலையணையில் தலை வைத்ததும் குறட்டை வந்துவிடும். வீடு போனால் தூக்கம் போச்சு. அவ்வளவு எளிமையான கணக்கு.

லிஃப்ட்காரர் என்பது அவர் பெயர் இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டுகளைச் சோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை, அந்தப் புத்தியும் விடவில்லை. லிஃப்டில் முக்கால்வாசி மூடிய கதவு என்று ஒன்று கிடையாது. மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் போய்விடுவான். இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு அவர் மொத்த வாழ்க்கையையும் நடத்தினார்.

வேலையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கீழே நிற்பவர் ஒவ்வொன்றாகக் கேட்பார், மேலே நிற்பவர் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்பார். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். வீட்டைப் பூட்டும்போது இவர் வாசலில் நின்று கேட்பார், மனைவி உள்ளேயிருந்து பதில் சொல்வாள். கோடையின் தொடக்கத்தில் கீழ் வீட்டைப் பூட்டிவிட்டு வந்ததும் இந்த முறையில்தான்.

"அன்னிக்கு எவ்வளவு சுளுவா முடிஞ்சுது! நான் கேட்கக் கேட்க நீ ஆச்சு, ஆச்சுன்ன. காபி ஆறதுக்குள்ள கிளம்பிட்டோம்," என்று அவர் இப்போது பெருமூச்சு விட்டார். "இந்த வீடுதான் படுத்துது."

அவசரத்துக்குக் கண்ணில் பட்டது மனைவியின் செருப்பு. அதை எடுத்துக் கதவிடுக்கில் செருகினார். கதவு நின்றது.

"அது நான் போட்டுக்கிட்டுப் போற செருப்பு!"

உருவிக்கொண்டு போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது. நாற்காலியை முட்டுக் கொடுத்தார். கதவு நாற்காலியையும் தள்ளிக்கொண்டு மூடியது. அப்போதுதான் அவருக்குள்ளே இருந்த பொறியாளர் விழித்துக்கொண்டார். தரை சாய்வாக இருக்கிறது, அதனால்தானே கதவு நிற்கவில்லை? ஃபிரிட்ஜின் முன்கால்களுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் அகலத் திறந்த கதவு பின்பக்கமாகச் சாய்ந்து அப்படியே கிடக்கும். எவ்வளவு அழகான யோசனை!

கட்டையைக் கொண்டுவந்தார். ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அது பின்னால் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில், வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் விடுகிற குழாய் சுவரிலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

டக்.

பிறகு சர்ர்ர்.

"அங்க என்ன சத்தம்?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!" என்று கத்தினார் லிஃப்ட்காரர். தண்ணீர் அவர் மூக்குக்கண்ணாடி மேல் பாய்ந்துகொண்டிருந்தது.

தடவித் தடவி சமையலறை மூலையில் இருந்த வால்வைப் பிடித்தார். திருகினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாகத் திருகினார். அசைந்தது. அசைந்தது வால்வு இல்லை, அதன் கைப்பிடி. அது கையோடு வந்துவிட்டது.

கைப்பிடியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தண்ணீர் சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்குப் போய், அங்கே சுருட்டி வைத்திருந்த கம்பளத்துக்குள் நிதானமாக நுழைந்தது.

"ஒண்ணுமில்லன்னீங்களே!" என்று மனைவி கூடத்திலிருந்து அலறினாள்.

பிளம்பர் வந்தார். பக்கத்துத் தெருவில் வேறொரு வீட்டைப் பூட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை, டிரைவர்தான் காரில் போய் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார். பிளம்பர் ஒரு பார்வை பார்த்தார். மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டிக்கு அடியிலேயே அடைத்தார். சர்ர்ர் நின்றது.

"வந்தது வந்தேன், எல்லாக் குழாயிலயும் இருக்கிற தண்ணியை வடிச்சு விட்டுடறேன் சார். ஹீட்டர்ல இருக்கிறதையும் காலி பண்ணிடறேன். குளிர்ல எதுவும் வெடிக்காது."

"அதைத்தான் கடைசியா பண்றதா இருந்தேன்," என்றார் லிஃப்ட்காரர்.

"நீங்க எதையும் பண்ண வேண்டாம் சார். அப்படி உக்காருங்க."

உட்கார எங்கே மனசு வரும்? எதிரே கம்பளம் தண்ணீர் குடித்து யானைக்குட்டி மாதிரி கிடந்தது. இதை இப்படியே விட்டுவிட்டுப் போனால்? போன வருஷம் ஃபிரிட்ஜில் முளைத்தது இந்த வருஷம் கூடம் முழுக்க முளைக்கும். மச்சான் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டைச் சுற்றிக் காட்டுவது அவர் கண்ணில் தெரிந்தது. அந்த ஆள் தன் படுக்கையறையில் நிம்மதியாகத் தூங்குவதுகூடத் தெரிந்தது.

"மெஷின்ல போட்டுப் பிழிஞ்சுடலாம்," என்றார். "பிழியறதுக்குத் தண்ணி வேண்டாம். கரண்ட் போதும்."

மெயினை அவர் காலையிலேயே அணைத்திருந்தார். ஒவ்வொரு சுவிட்சையும் தனித்தனியாக அணைத்து, அதன்மேல் சிவப்பு டேப்பும் ஒட்டியிருந்தார். குளியலறைப் பக்கம் மட்டும் மனைவியின் பொறுப்பு.

"ஹீட்டர் சுவிட்ச் அணைச்சாச்சா?" என்று காலையில் கேட்டார். "ஆச்சு," என்றாள்.

அந்த நம்பிக்கையில், கம்பளத்தை மெஷினுக்குள் திணித்துவிட்டு, மெயினைப் போட்டார். மெஷின் உறுமியது. கம்பளம் சுற்றியது. லிஃப்ட்காரர் முகத்தில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு மெல்ல எட்டிப்பார்த்தது.

அப்போது குளியலறையிலிருந்து ஒரு தீய்ந்த வாடை வந்தது. பின்னாலேயே "டப்" என்று ஒரு சத்தம். மெஷின் நின்றது. ஃபியூஸ் போய்விட்டது.

பிளம்பர் குளியலறையை எட்டிப்பார்த்துவிட்டு வந்தார்.

"காலி ஹீட்டரை யாரு சார் ஆன் பண்ணி வச்சது? உள்ள சூடாக்குற காயில் கருகிப்போச்சு."

லிஃப்ட்காரர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நீ ஆச்சுன்னியே?"

"சொன்னேன்."

"போய்ப் பார்த்துட்டுச் சொன்னியா?"

"பொட்டி கட்டிக்கிட்டு இருந்தேன். நீங்கதான் நிமிஷத்துக்கு ஒண்ணு கேக்கறீங்களே, ஒவ்வொண்ணுக்கும் ஓட முடியுமா?"

அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவள் பெட்டியை மூடக் குனிந்த நேரம் பார்த்து, அதே வாசல் குரலில் கேட்டார்.

"ஜன்னல் கொக்கி?"

"ஆச்சு."

"கேஸ்?"

"ஆச்சு."

"மாடியில கட்டியிருந்த யானை?"

"ஆச்சு."

பிளம்பர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லிஃப்ட்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். லிஃப்டுக்கு மேலே நிற்கிறவன் இப்படிச் சொல்லியிருந்தால் கீழே நிற்கிறவன் கதி என்ன? இத்தனை வருஷமாக, இத்தனை ஆச்சுகளில், எத்தனை ஆச்சு நிஜமாகவே ஆச்சு? நினைக்கவே பயமாக இருந்தது. நல்ல வேளை, அதற்கு மேல் நினைக்க நேரம் இல்லை. கம்பளம் மெஷினுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது, மெஷின் கதவு பூட்டிக்கொண்டிருந்தது.

பிளம்பர் ஹீட்டர் சுவிட்சை அணைத்தார். ஃபியூஸுக்குப் புதுக் கம்பி கட்டினார். கரண்ட் வந்தது. மெஷின் கதவு திறக்கவில்லை.

"உள்ள தண்ணி நிக்குது சார். அதான் திறக்க மாட்டேங்குது. கீழ ஒரு மூடி இருக்கும், அதைக் கழட்டினா வடிஞ்சுடும். நான் பாத்திரம் எடுத்துட்டு வர்றேன், அதுவரைக்கும் தொடாதீங்க."

அவர் பாத்திரம் எடுக்கப் போனார். வாசலில் ஹாரன் நீளமாக அடித்தது. நீளமான ஹாரனைக் கேட்டால் லிஃப்ட்காரருக்குக் கை தானாக வேலை செய்யும். மூடியைக் கழற்றினார்.

மனைவி கூடத்தைத் துடைத்து முடித்து, துணியைப் பிழிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த நேரம் அது. கம்பளம் குடித்த தண்ணீர் முழுவதும் அவள் காலடிக்கு வந்து நின்றது.

துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் துடைத்தார்.

ஒரு வழியாக எல்லாம் முடிந்தபோது, பாதி ஈரக் கம்பளம் கார் டிக்கியில் இருந்தது. பிளம்பர் ஃபிரிட்ஜைப் பழைய இடத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து வைக்க என்னென்னவோ செய்து பார்த்தார். கட்டை, செங்கல், சுருட்டிய பேப்பர், எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் எல்லோரும் மனைவியின் காலைப் பார்த்தார்கள்.

"ஆறு மாசத்துக்கு என் செருப்பு ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கணுமா?"

"அளவெடுத்துத் தச்ச மாதிரி பொருந்துதும்மா," என்றார் பிளம்பர் பணிவாக.

அவள் குளியலறை ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

மலைப்பாதையில் இரண்டு வளைவு இறங்கியிருப்பார்கள். லிஃப்ட்காரர் கைகளைப் பிசைந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். டிரைவரின் பின்மண்டையைப் பார்த்தார்.

"வாசக் கதவைப் பூட்டினேனா?"

"ஆச்சு," என்றாள் மனைவி, கண்ணை மூடியபடி.

"வண்டியைத் திருப்புப்பா."

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. இன்னொருவராக இருந்தால் காரில் ஏறியிருப்பார். ஆனால் சாவி உள்ளே முழுசாகத் திரும்பியிருக்கிறதா, ஒப்புக்கு மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்பது வெளியிலிருந்து எப்படித் தெரியும்? அதனால் திறந்தார். திறந்த பிறகு திறந்த வீடு திறந்த வீடுதானே? உள்ளே போனார். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. கேஸைத் தொட்டார், கொக்கிகளைத் தொட்டார், சிவப்பு டேப்புகளைத் தொட்டார், ஃபிரிட்ஜில் இருந்த செருப்பைத் தொட்டார். மாடிக்குப் போய், யானை இல்லை என்பதையும் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், பனி வந்துடுச்சு," என்று டிரைவர் வாசலில் நின்று அழாத குறையாகச் சொன்னார்.

மனைவியும் இறங்கி வந்திருந்தாள். வீட்டை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்.

"எல்லாத்தையும் அணைச்சுட்டீங்க. வாசல் விளக்கு ஒண்ணாவது எரியட்டுமே. வீடு பார்க்கவே பாவமா இருக்கு."

"விளக்கா? ஆறு மாசம் யாரும் இல்லாத வீட்டுலயா? ஒயர் சூடாகி ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒரு சின்ன விளக்குங்க."

"முடியாது. ஹீட்டர்ல பட்டது போதும்." பேசிக்கொண்டே, அணைத்திருந்த மெயினை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார். அதோடு விடவில்லை. ஃபியூஸ் கட்டையையே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே இந்த வீட்டுல எறும்பு நினைச்சாலும் லைட்டு போட முடியாது."

ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டுப் போட்டார். பெரிய பூட்டு, தெருமுனையிலிருந்தே தெரியும். பிறகு டிக்கியிலிருந்து ஒரு பலகையை எடுத்து வாசல் கேட்டில் கம்பியால் கட்டினார். போன குளிர்காலத்தில் பால்காரரும் பேப்பர்காரரும் தங்கள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போய், வாசலில் மலைபோல் குவிந்திருந்தது. இந்த வருஷம் அந்தப் பேச்சே இருக்கக்கூடாது என்று மழைக்கு அழியாத பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். 'ஆறு மாதம் வீட்டில் யாரும் இல்லை. பால், பேப்பர் போடாதீர்கள்.'

தள்ளி நின்று பார்த்தார். இருட்டான ஜன்னல்கள், இரண்டு பூட்டு, ஒரு பலகை. அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இப்படி ஒரு வீட்டுக்கு என்ன ஆகிவிட முடியும்?

"இந்தத் தடவை உன் தம்பியால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் காரில் ஏறி உட்கார்ந்து. அரை மணியில் குறட்டை வந்தது. மேல் வீட்டுக்கு வெளியே அவர் தூங்கி மனைவி பார்த்தது அதுதான் முதல் முறை. எழுப்ப மனசு வராமல் அவள் ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கீழ் வீட்டுத் தெருவில் கார் நுழைந்தபோது லேசாக இருட்டத் தொடங்கியிருந்தது.

"என்னங்க, எழுந்திருங்க. தெருவே மாறிப்போச்சு. எல்லா வீட்டுக்கும் புதுசா இரும்புக் கதவு போட்டிருக்காங்க, பாருங்க."

லிஃப்ட்காரர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தார். அவர் பார்த்தது இரும்புக் கதவுகளை இல்லை. தெருக்கோடியில் தன் வீட்டை. கூடத்து ஜன்னலில் பளிச்சென்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"கிளம்பும்போது கூடத்து லைட்டைக் கேட்டேனா?"

"கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

அவள் ரப்பர் செருப்பை மறுபடியும் பார்த்தாள்.

காரை விட்டு இறங்கியதும் இன்னொன்றும் கேட்டது. வீட்டுக்குள் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தாமல், கணீரென்று, கட்டைக் குரலில். லிஃப்ட்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள ஆள் இருக்கான்."

மனைவி காது கொடுத்துக் கேட்டாள்.

"ரேடியோங்க. செய்தி வாசிக்கிறாங்க."

"ரேடியோவையும் கேட்டேனே!"

"கேட்டீங்க," என்றாள் அவள் இன்னும் சின்னக் குரலில்.

கோடை முழுக்க விளக்கு. கோடை முழுக்க ரேடியோ. மேலே ஒரு சின்ன விளக்குக்குக்கூட இடம் கொடுக்காத மனுஷன், கீழே ஒரு வீட்டையே எரியவிட்டு, பேசவிட்டுப் போயிருக்கிறார்.

தெருமுனையிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒரு வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடிவந்தார். இவர்கள் கண்டிராத ஆள்.

"யாரு நீங்க? இந்த வீட்டு வாசல்ல என்ன வேலை?"

"இது எங்க வீடுப்பா!"

வாட்ச்மேன் டார்ச்சை அவர்கள் முகத்தில் அடித்தார். பிறகு ஜன்னலில் அடித்தார். பிறகு மறுபடியும் முகத்தில் அடித்தார்.

"நீங்களா? அப்ப எப்ப சார் வெளிய வந்தீங்க? உள்ள இருந்துக்கிட்டே எத்தனை தடவை பெல் அடிச்சாலும் கதவு திறக்க மாட்டேங்கிறீங்கன்னு தெருவே உங்க மேல கோவமா இருக்கு."

"நாங்க ஊர்லயே இல்லப்பா. கோடைக்கு மலைக்குப் போயிட்டு இப்பதான் வர்றோம்."

வாட்ச்மேன் வாயைப் பிளந்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அதிர்ஷ்டக்காரங்க சார் நீங்க! வெயிலுக்குப் பயந்து இந்தத் தெருவுல எல்லாரும்தான் பூட்டிட்டுப் போனாங்க. ஒரு வீடு பாக்கியில்லாம திருடு போச்சு. உங்க வீடு ஒண்ணுதான் தப்பிச்சுது. அதுக்கு அப்புறம்தான் எல்லாரும் சேர்ந்து இரும்புக் கதவு போட்டாங்க, என்னையும் வேலைக்கு வச்சாங்க."

மனைவி மெல்ல நிமிர்ந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"கேட்டீங்களா? நான் அணைக்காததாலதான் தப்பிச்சுது!"

லிஃப்ட்காரர் கேட்டார். ஆனால் அவர் கை எதற்கோ சட்டைப் பைக்குப் போனது. உள்ளே ஃபியூஸ் கட்டை இருந்தது.

"திருடனைப் பிடிச்சுட்டாங்களா?" என்றார்.

"எங்க சார்? அவனும் சீசன் பார்த்துத்தான் ஊர் மாத்துவானாம். ஆளுங்க திரும்பி வர ஆரம்பிச்சதும் மலைக்கு ஏறிட்டான்னு போலீஸ்ல சொல்றாங்க. அங்க இப்பதானே பூட்டுற காலம்."

ரேடியோ செய்தியை முடித்துக்கொண்டு பாட்டுப் பாட ஆரம்பித்தது. மனைவியின் முகத்தில் வந்த வெளிச்சம் வந்த வழியே போனது. லிஃப்ட்காரர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நிலையைப் பார்த்து வாட்ச்மேனுக்கே பாவமாகிவிட்டது. பக்கத்தில் வந்து, ஆறுதலாகத் தோளில் தட்டிச் சொன்னார்:

"பயப்படாதீங்க சார், எல்லா வீட்டுலயும் நுழைய மாட்டான். ஒரு விளக்குகூட இல்லாம, பெருசா பூட்டைத் தொங்கவிட்டு, ஆறு மாசம் யாரும் இல்லன்னு அவங்களே வாசல்ல எழுதி வச்சிருக்கிற வீடாப் பார்த்துத்தான் நுழைவானாம்!"